ஒரே வீட்டில் இரண்டு முறை

பெங்களூரு: பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ரிசர்வேஷன் கவுண்ட்டரில் நம்மவர்கள் கூட்டம் தொடங்கிவிடுகிறது. சேலம், ஈரோடு, தஞ்சாவூர் என்று படிவத்தை நீட்டுகிறார்கள். பெரும்பாலும் குடும்பம் முழுவதற்கும் டிக்கெட். அப்படியானால் அந்த நாலு நாளும் வீட்டில் ஆள் இல்லை. கவுண்ட்டரில் இருக்கும் எனக்கே இது தெரிகிறது. தெருவை நோட்டம் விடுகிறவனுக்குத் தெரியாதா?

சென்ற பொங்கலில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை நெம்பிவிட்டார்கள். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் அம்மாள், மகள் கல்யாணத்துக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த நாலரைப் பவுன் போய்விட்டது. ஸ்டேஷனில் நகை ரசீது கேட்டார்கள், வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. கன்னடம் சரளமாக வராத அவர் மறுபடி போகக் கூசினார். இரண்டே மாதத்தில் அதே வீட்டில் மீண்டும் கைவரிசை. இந்தத் தடவை காஸ் சிலிண்டரும் மிக்ஸியும்.

இது அதிசயமல்ல. ஒருமுறை திருடு போன வீட்டில் மறுபடி திருடு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம். இங்கிலாந்தில் மில் தொழிலுக்குப் பெயர்போன ராச்டேல் நகரில் இதைக் கண்டறிந்தார்கள். அங்கே கிர்க்ஹோல்ட் என்னும் நகராட்சிக் குடியிருப்பில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 1985-இல் நடந்த திருட்டுகளில் ஏறத்தாழப் பாதி, வீட்டுக்குள் இருந்த மின்சார, காஸ் மீட்டர் உண்டியலை உடைத்தவை. காசு போட்டால் ஓடும் மீட்டர் அது!

எல்லா வீட்டுக்கும் காவல் போட எந்த அரசாலும் முடியாது. ஆகவே திருடு போன வீட்டுக்கே முதல் கவனம் என்று வைத்துக்கொண்டார்கள். காசு மீட்டரைக் கழற்றினார்கள். கதவு, ஜன்னல் பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று ஆண்டில் திருட்டு கால்பங்காகக் குறைந்தது.

பார்த்துக்கொள்ளும் வேலை நமக்குப் புதிதல்ல. வரிசை வீடுகளில் காலங்காலமாகச் செய்கிறோம். (பொங்கலுக்கு மட்டும் ஆறு வீட்டாரும் ஒரே ரயிலில் ஏறிவிடுகிறோம்!) மற்றவை நம் கையில் இல்லை. எரியாத தெருவிளக்கை மாநகராட்சிதான் எரியவைக்க வேண்டும். திருடு போன வீட்டை இரவு ரோந்தில் சேர்க்கப் போலீஸாரால்தான் முடியும். ஆனால் பதிவாகாத திருட்டு கணக்கில் வராது. கணக்கில் வராத தெருவுக்கு ரோந்து ஏன் வரப்போகிறது? புகாரை வாங்க மறுப்பது அந்த அம்மாளுக்கு மட்டும் செய்த அநியாயம் அல்ல, தெருவுக்கே செய்தது.

வாசகர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, இத்தகைய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதலாம்.

இரண்டாம் திருட்டுக்குப் பின் நாங்கள் நாலு பேர் துணைக்குப் போனோம். ரிஜிஸ்தர் தபாலும் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் எஃப்.ஐ.ஆர். வந்தது, பவுன் வரவில்லை. இந்தப் பொங்கலுக்கு அந்த அம்மாள் என் கவுண்ட்டரில் இரண்டே டிக்கெட் வாங்கினார், தனக்கும் மகளுக்கும். கணவர் வீட்டுக்குக் காவல்.