அமெரிக்கப் பேனாக்கத்தி: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

ஆத்தங்குடியில் ஒரு பெரியவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி இருக்கும்.

தபால் உறையைப் பிரிக்க வேண்டுமா? பார்சல் கயிற்றை அறுக்க வேண்டுமா? பேரப்பிள்ளைகளுக்கு மாங்காய் கீற வேண்டுமா? எல்லாவற்றுக்கும் அந்தக் கத்திதான்.

ஒரு நாள் அது தொலைந்து போயிற்று. பெரியவருக்குக் கை ஒடிந்தது போல் ஆகிவிட்டது. திருவிழாக் கடை ஒன்றில் வேறொரு கத்தி வாங்கினார். அலகில் "அமெரிக்கா" என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் பொறித்திருந்தது. விலையோ மிகவும் மலிவு. "அமெரிக்கச் சாமான் இவ்வளவு மலிவா!" என்று மகிழ்ந்து போனார்.

மூன்றாம் நாள் அந்தக் கத்தி தன் குணத்தைக் காட்டியது. கயிறு அறுக்கும்போது அலகு திடீரென்று மடங்கியது. ஆள்காட்டி விரலில் வெட்டு. ஐந்து தையல்!

அந்த வாரமே அமெரிக்காவில் இருக்கும் பேரன் டெலிபோனில் பேசினான்.

"ஐயா, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும்?"

"ஒரு பேனாக்கத்தி வாங்கி வா, தம்பி. உண்மையாகவே அமெரிக்காவில் செய்ததாக இருக்கட்டும். விலை அதிகம் வேண்டாம்."

பேரன் கடைக்குப் போனான். கண்ணாடிப் பெட்டி நிறையக் கத்திகள்! எதை எடுப்பது? எதை விடுப்பது?

இந்தச் சங்கடம் அவனுக்கு மட்டும் அல்ல. கடல் கடந்து போனவர்கள் ஊருக்குச் சாமான் வாங்கி வருவது செட்டிநாட்டில் பழைய வழக்கம். அன்று பர்மாவில் இருந்தும் மலாயாவில் இருந்தும் வந்தது. இன்று அமெரிக்காவில் இருந்து வருகிறது. கத்தி கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த விவரங்கள்.

பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு?

முதலில் பெயரைப் பார்ப்போம். பேனாக்கத்தி என்று ஏன் சொல்கிறோம்?

மேல் நாட்டில் ஒரு காலத்தில் பறவை இறகால் எழுதினார்கள். இறகின் முனை அடிக்கடி மழுங்கும். அதைச் சீவ ஒரு சிறிய கத்தி வேண்டும். அதுதான் பேனாக்கத்தி.

நம் நாட்டிலும் இது புதிது அல்ல. ஓலையில் எழுதிய நம் முன்னோர்களிடம் "மடக்கெழுத்தாணி" இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி. மறு பக்கம் ஓலை வாரும் கத்தி. மடக்கி வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு பேனாக்கத்திதானே!

கல்லைத் திருப்பிப் பார்ப்பது போல

ஆத்தங்குடிக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பெயர் வேறு, பொருள் வேறு.

ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள்? கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். சூளையில் சுடுவது கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது.

இன்று இயந்திரத்தில் செய்த ஓட்டின் மேல் அதே பூவை அச்சடித்து "ஆத்தங்குடி டிசைன்" என்று விற்கிறார்கள். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? கல்லைத் திருப்பிப் பார்ப்பார். முதுகிலும் ஓரத்திலும் உண்மை தெரிந்துவிடும்.

கத்திக்கும் இதே வழிதான். பெட்டியின் மேல் இருக்கும் கொடிப் படத்தைப் பார்க்காதீர்கள். கத்தியைத் திறந்து, அலகின் அடியில், பிடியோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் முத்திரை இருக்கும்.

முத்திரைச் சண்டை பழைய சண்டை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரக் கத்திக்கு உலகம் எங்கும் பெயர் இருந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த மலிவுக் கத்திகள் ஷெஃபீல்டு பெயரைப் பொறித்துக்கொண்டு சந்தைக்கு வந்தன. இங்கிலாந்துக்காரர்களுக்குக் கோபம் வந்தது. 1887ல் அங்கே சட்டம் செய்தார்கள். அந்நிய நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரைச் சரியாகப் போட வேண்டும் என்றார்கள். பின்னாளில் சோலிங்கன் கத்தியே பெரும் பெயர் பெற்றது வேறு கதை!

"அமெரிக்கப் பெயர்" வேறு, "அமெரிக்காவில் செய்தது" வேறு

"மேட் இன் யு.எஸ்.ஏ." என்று போடுவதற்கு அமெரிக்காவில் கடுமையான விதி உண்டு. பொருள் முழுவதும், அல்லது அநேகமாக முழுவதும், அங்கேயே செய்ததாக இருக்க வேண்டும். 2021ல் இந்த விதியை இன்னும் இறுக்கினார்கள்.

ஆனால் "அமெரிக்காவில் வடிவமைத்தது" என்று போட்டிருந்தால் அது வேறு. படம் போட்டது அங்கே. கத்தி அடித்தது வேறு எங்கோ!

ஓர் உதாரணம். நியூயார்க் மாநிலத்தில் "ஷ்ரேட்" என்ற பழைய கத்திக் கம்பெனி இருந்தது. அந்தத் தொழிற்சாலை 2004ல் மூடப்பட்டது. பெயரை மட்டும் வேறொருவர் வாங்கினார். அதன் பிறகு அதே பெயரில் சீனாவில் செய்த கத்திகள் வந்தன. சீனக் கத்தி எல்லாம் மட்டம் என்று சொல்லவில்லை. நல்லதும் உண்டு. ஆனால் பெயரை நம்பி வாங்குகிறவர், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் அல்லவா?

கைக்கு அடக்கமான விலையில் இரண்டு

நல்ல அமெரிக்கப் பேனாக்கத்திக்கு நூறு டாலர் கொடுக்க வேண்டியது இல்லை. அதில் பாதி விலைக்கும் கிடைக்கிறது. இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று, "கேஸ்". பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் செய்கிறார்கள். 1889ல் கேஸ் சகோதரர்கள் தொடங்கிய தொழில் இது. இவர்களுடைய "சாட்பஸ்டர் ஜூனியர்" எளிய கத்தி. உழவர்களை மனத்தில் வைத்து வந்த பெயர் அது. ஒரே அலகு. நீளம் மூன்று அங்குலத்துக்கும் குறைவு. எடையும் குறைவு. சட்டைப்பையில் இருப்பதே தெரியாது.

இந்தக் கம்பெனியின் முத்திரையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1970ல் பெயருக்கு அடியில் பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். புள்ளியை எண்ணினால் கத்தியின் வயது தெரிந்துவிடும்!

மற்றொன்று, "பக்". ஹாய்ட் பக் என்ற கொல்லுப் பட்டறைச் சிறுவன் 1902ல் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கி வைத்த தொழில். 2005 முதல் ஐடஹோ மாநிலத்தில் செய்கிறார்கள். 1960களில் வந்த "110" என்ற பூட்டுக் கத்தி இவர்களுக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. அலகு 3¾ அங்குலம். மரப்பிடி, பித்தளைப் பூண். ஆனால் சுமார் 200 கிராம் கனம். பெரியவர் சட்டைப்பைக்கு அது பாரம். அதையே நைலான் பிடியோடு, ஏறக்குறைய பாதி எடையில் செய்கிறார்கள். விலையும் குறைவு.

ஜாக்கிரதை: பக் கம்பெனியும் சில கத்திகளைச் சீனாவில் செய்து வாங்குகிறது. அவற்றில் அலகிலேயே "சைனா" என்று இருக்கும். முத்திரையைப் படியுங்கள்.

பூட்டு உண்டா, இல்லையா?

பெரியவர் விரலை வெட்டியது எது? மடங்கிய அலகு.

சாட்பஸ்டர் போன்ற கத்தியில் பூட்டு கிடையாது. முதுகில் உள்ள வில்தான் அலகைப் பிடித்து நிற்கும். பழம் நறுக்க, உறை பிரிக்க அது போதும். அதைக் குத்தவோ நெம்பவோ பயன்படுத்தக் கூடாது.

பூட்டுக் கத்தியில் அலகு திறந்ததும் "டக்" என்று பூட்டிக்கொள்ளும். முதுகில் உள்ள கட்டையை அழுத்தினால்தான் மடங்கும். கயிறு அறுப்பவருக்கும், கை நடுக்கம் உள்ளவருக்கும் இதுவே நல்லது.

கடையில் இப்படிச் சோதியுங்கள்:

அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். ஆடக் கூடாது.

பூட்டு இருந்தால், விரல்களை ஒதுக்கிக்கொண்டு அலகின் முதுகை மெல்ல அழுத்துங்கள். வழுக்கி மடங்கினால் வேண்டாம்.

மூடிப் பாருங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

நகத்தால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். வாங்குகிறவர் திறந்தால் போதாது. வைத்துக்கொள்ளப் போகிறவர் திறக்க வேண்டும்.

துரு ஏறுமா?

உருக்கில் இரண்டு வகை. ஒன்று துரு ஏறும் சாதாரண உருக்கு. எளிதில் தீட்டலாம். கூர் நன்றாக வரும். ஆனால் மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் கறுத்துப் போகும். வியர்வை பட்டாலும் துருவேறும்.

மற்றது துருப்பிடிக்காத உருக்கு. எவர்சில்வர் குடும்பம். 1913ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு உருக்குத் தேடியபோது இது கிடைத்தது. உருக்கில் குரோமியம் கலந்ததால் வந்த குணம் இது.

கேஸ் கத்தியில் "எஸ்.எஸ்." என்றால் துருப்பிடிக்காதது. "சி.வி." என்றால் துடைத்து வைக்க வேண்டியது. மறதிக்காரர்கள் "எஸ்.எஸ்." வாங்குங்கள்.

உருக்கு என்றதும் மேல் நாட்டை மட்டும் நினைக்க வேண்டாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் இருந்தார். ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இந்திய உருக்கே மேல் என்று அவர் தம் கடைச் சீட்டிலேயே அச்சடித்தார். அவரும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அந்த உருக்கின் ரகசியத்தை ஆராய்ந்தார்கள்.

சட்டமும் விமானமும்

பட்டனைத் தொட்டதும் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். வீண் வம்பு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி ஆயுத விதிகளுக்குள் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ள கத்திக்கு விலக்கு உண்டு. நமக்கு மூன்று அங்குலம் தாராளம்.

விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்கக் கூடாது. சோதனையில் பறித்துக்கொள்வார்கள். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் போடுங்கள்.

தேங்காய் உடைக்கவும் விறகு பிளக்கவும் பேனாக்கத்தியை எடுக்காதீர்கள். அதற்கு நம் சிவகங்கை மாவட்டத்திலேயே திருப்பாச்சேத்தி அரிவாள் இருக்கிறது. எந்த அமெரிக்கக் கத்தியும் அதன் பக்கத்தில் நிற்காது!

பேணுவது எப்படி?

ஈரம் போகத் துடைத்து மூடுங்கள். மூட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். பொறி பறக்கும் சக்கரச் சாணையில் கொடுக்காதீர்கள். சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். தட்டையான சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, நிதானமாகத் தீட்டுங்கள். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். கூரான கத்திக்கு அழுத்தம் தேவை இல்லை.

பொங்கலுக்குப் பேரன் வந்தான். பூட்டுக் கத்தியைக் கையில் நீட்டினான். பெரியவர் வாங்கவில்லை.

"கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது, தம்பி. கீழே வை. நான் எடுத்துக்கொள்கிறேன்."

பேரன் சிரித்தான். "அங்கேயும் இப்படி ஒன்று உண்டு, ஐயா. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பார்கள். அதனால் வாங்குகிறவர் ஒரு காசு கொடுப்பார்."

பெரியவர் கத்தியை எடுத்தார். முதலில் முத்திரையைப் படித்தார். பூட்டை அழுத்திப் பார்த்தார். தழும்பு உள்ள விரலால் அலகின் முதுகைத் தடவினார்.

பிறகு மடியில் இருந்து ஒரு ரூபாய் எடுத்துப் பேரன் கையில் வைத்தார்.