இரண்டு திருப்பத்துக்கு நடுவே

சுவிட்சர்லாந்தின் வெங்கென் ஊரில் ஜனவரிதோறும் லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். ஹுண்ட்ஷோப் பாறையிலிருந்து வீரர்கள் அந்தரத்தில் பாய்வதைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கும். எனக்குப் பிடித்த இடம் முடிவுக்கோட்டுக்குச் சற்று மேலே, 'ட்சீல்-எஸ்' என்ற கடைசி வளைவுகளின் ஓரம். களைத்த கால் என்ன செய்யும் என்பதை அங்கேதான் பார்க்கலாம்.

பனிச்சறுக்கு உலகக் கோப்பைத் தடங்களிலேயே நீளமானது இந்த லாபர்ஹார்ன் தடம். ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். முழங்காலை மடக்கியபடியே இரண்டரை நிமிடம் வரவேண்டும். 2013-இல் பிரான்சின் ஜோஹான் கிளாரே இங்கே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார்.

ஸ்கீ பலகையின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு உண்டு. பலகையைச் சாய்த்து வெளிக்காலில் பாரத்தைப் போட்டால் விளிம்பு பனியைக் கடிக்கும். இடை ஒடுங்கிய பலகை வில்லாக வளைந்து தானே திரும்பிவிடும். அது பெரிய வித்தை இல்லை. ஒரு திருப்பம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்தான் சிக்கல். பலகை ஒரு கணம் தட்டையாகி எதிர் விளிம்புக்குப் புரளவேண்டும். அதற்கு உடம்பு பலகையைத் தாண்டி, சரிவின் பள்ளத்துப் பக்கமாகத் துணிந்து சாயவேண்டும்.

களைத்த தொடை அதற்கு இசையாது. இறுகியே இருக்கும் தசையில் ரத்த ஓட்டம் குறைந்து எரிச்சல் ஏறும். ஆள் தன்னையறியாமல் பின்னுக்குச் சாய்ந்து உட்காருவார். பாரம் குதிகாலுக்குப் போய்விட, பலகையின் முன்பகுதி பிடிப்பை இழக்கும். பழைய வெளிக்காலை விட மனமில்லாமல் ஒரு கண்ணிமைப்பு தாமதிப்பார். பிறகு அவசர அவசரமாகத் தோளைச் சுழற்றி, குதிகாலைத் தள்ளித் திருப்புவார். கண்ணுக்கு முன்னால் காதுக்கே தெரிந்துவிடும்: துணி கிழிவதுபோல் சீறிய சத்தம் கரகரவென்று மாறும், பனி விசிறியடிக்கும்.

2024-இல் இங்கே மூன்று நாளில் மூன்று பந்தயம். மூன்றாம் நாள், உடம்பு சரியில்லாமல் இருந்த நார்வேயின் அலெக்சாண்டர் ஆமொட் கில்டே, முடிவுக்கோடு கண்ணில் படும் தூரத்தில் நிலைதவறி வலையில் மோதினார். கால் கிழிந்தது, தோள் விலகியது. அப்படி ஓர் அட்டவணை அநியாயம் என்பது என் கட்சி.

விடுமுறைக்குச் சறுக்க வருகிறவர்களுக்கும் இதே கதைதான், வேகம் மட்டும் குறைவு. மாலையில் பனியும் குண்டும் குழியுமாகக் கிடக்கும். குதிகாலைத் தள்ளித் திருப்ப ஆரம்பித்துவிட்டால், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மேலே ஏறவேண்டாம். கீழே இறங்கப் பல்சக்கர ரயில் இருக்கிறது.