இறக்கம் முடிந்ததும் நீலப் புகை: வால்வு கைடும் ரீமர் வேலையும்

நமது தோட்டங்களில் இன்று பல குடும்பங்களிடம் சொந்தமாக ஒரு முச்சக்கர வண்டியோ பழைய வேனோ இருக்கின்றது. சிலர் லீசிங்கில் எடுத்திருக்கிறார்கள். சிலர் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தை அப்படியே போட்டு வாங்கியிருக்கிறார்கள். வண்டி ஒரு கிழமை கராஜில் நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. எனவே எஞ்சினுக்குள் நடக்கும் ஒரு சின்ன வேலையைப் பற்றி வீட்டில் உள்ளவர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் அடையாளம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். கியரில் போட்டு, எக்சிலேட்டரை விட்டுவிட்டு வெகுதூரம் இறங்கி வருகிறீர்கள். கீழே வந்து எக்சிலேட்டரை அழுத்தியதும் பின்னால் குப்பென்று நீலப் புகை. உடனே, "அண்ணே, ரிங் போயிருச்சி, போர் அடிக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். பொறுங்கள். பெற்றோல் எஞ்சினில் எக்சிலேட்டரை விட்டால் காற்று போகும் வழி அடைபட்டு உள்ளே உறிஞ்சும் சக்தி கூடும். உள்ளெடுக்கும் வால்வின் கைட் தேய்ந்திருந்தால், அந்தச் சக்தி மேலே இருக்கும் ஒயிலைக் கைட் வழியாக உள்ளே இழுத்துவிடும். ரிங் தேய்ந்த வண்டியோ பாரம் ஏற்றி மலை ஏறும்போதுதான் விடாமல் புகைக்கும். கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் பிளக் துளையில் ஒரு கரண்டி ஒயில் ஊற்றித் திரும்பப் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்தான். கம்ப்ரெஷன் சரியாக இருந்தும் புகைத்தால் வால்வு சீலையும் கைடையும் சந்தேகிக்கலாம். சீல் ஒரு சின்ன ரப்பர். அது காய்ந்து போயிருந்தால் அதை மட்டும் மாற்றினாலே போதும். (பழைய டூ-ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளில் இந்த வால்வுகளே கிடையாது. அவை ஒயிலை எரித்துத்தான் ஓடும்.)

கைட் என்பது வால்வின் தண்டு ஏறி இறங்கும் சிறு குழாய். வார்ப்பிரும்பிலோ வெண்கலத்திலோ செய்து ஹெட்டுக்குள் இறுக்கி அடித்திருப்பார்கள். தண்டுக்கும் கைடுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம். பல எஞ்சின்களில் உள்ளெடுக்கும் பக்கம் 0.02 முதல் 0.05 மி.மீ. வரை, புகை போகும் பக்கம் அதைவிடச் சற்று அதிகம். ஒரு தலைமுடியின் தடிப்பை விடவும் குறைவு என்று சொல்லலாம். புகைப் பக்க வால்வு அதிகம் சூடாகி விரிவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்பதை அதன் கைநூலில்தான் பார்க்க வேண்டும். ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போடக்கூடாது.

இடைவெளி கூடினால் புகை மட்டும் அல்ல. வால்வின் சூடு தண்டு வழியாகக் கைடுக்குப் போய்த்தான் ஓரளவு ஆறுகின்றது. தண்டு ஆடினால் சூடும் ஆறாது, வால்வு தன் இருக்கையில் நேராக உட்காராமல் விளிம்பு எரிந்துபோகும். இடைவெளி குறைந்தால் அதைவிட மோசம். இதை நான் நேரில் பார்த்தேன்.

வேலை பழகிய காலத்தில், டவுனில் ஒரு கராஜில் கையாளாக இருந்தேன். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு வேன் வந்தது. தோட்டத்து ஐயா ஒருவர் ஓய்வுப் பணத்தில் வாங்கியது. புதுக் கைட்களை அடித்தவன் நான்தான். "புதுசு தானே, அப்பிடியே போடு" என்றார்கள். போட்டேன். மூன்றாம் நாள் ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. நல்ல வேளை, வண்டியில் பிள்ளைகள் இல்லை. புகைப் பக்க வால்வு சூட்டில் கைடுக்குள் இறுகி, திறந்தபடியே நின்று, பிஸ்டன் வந்து அதை வளைத்திருந்தது.

காரணம் எளிது. கைடை ஹெட்டுக்குள் இறுக்கி அடிக்கும்போது அதன் துளை சற்றுச் சுருங்கும். தண்டு 7.95 மி.மீ. என்று வையுங்கள். துளை 8.00 ஆக இருக்க வேண்டும். அடித்த பின் அது 7.96 ஆகிவிட்டால் மிஞ்சுவது 0.01 மட்டுமே. குளிர்ந்திருக்கும்போது வால்வு வழுக்கிக்கொண்டு போகும், கையால் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். சூடானதும் பிடிக்கும். இந்தச் சுருக்கத்தைச் சரியான அளவுக்கு எடுப்பதே ரீமர் வேலை.

ரீமர் பார்ப்பதற்கு நீளவாக்கில் பற்கள் உள்ள ஒரு கம்பி. அது புதிதாகத் துளை போடாது, இருக்கும் துளையை மயிரிழை அளவு சீவி நேராக்கும். முதலில் வால்வுத் தண்டை மைக்ரோமீற்றரால் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். தண்டே தேய்ந்திருந்தால் கைடை மட்டும் மாற்றி என்ன பயன்? பிறகு ரீமரைத் துளையில் நேராக நிறுத்தி, கைப்பிடியால் மெதுவாக, ஒரே வேகத்தில் வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அமுக்கித் தள்ளக்கூடாது. வெளியே எடுக்கும்போதும் அதே வலப்பக்கம்தான். பின்னுக்குத் திருப்பினால் பல்லும் மழுங்கும், துளையிலும் கீறல் விழும். வெண்கலக் கைடுக்கு வெட்டு ஒயில் விடுவார்கள். வார்ப்பிரும்பை உலர்வாகவே சீவலாம். நிறைய எடுக்க வேண்டியிருந்தால் ஒரே தடவையில் எடுக்காமல் சின்ன ரீமரில் தொடங்கிப் பெரியதுக்குப் போக வேண்டும். சீவிய தூளைப் பிரஷும் மண்ணெண்ணெயும் கொண்டு முழுதாகக் கழுவிவிட்டு, துளையை அளந்து, அந்தந்த வால்வை அந்தந்தக் கைடில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதன் பிறகுதான் வால்வு இருக்கையை வெட்ட வேண்டும். இருக்கை வெட்டும் கருவி கைடின் துளையைப் பிடித்துத்தான் நிற்கின்றது. துளை மாறினால் நடுவும் மாறும். பழைய இருக்கையை அப்படியே விட்டால் வால்வு ஒரு பக்கமாகத்தான் மூடும். உரசும் பேஸ்ட்டு கைடுக்குள் போகாமலும் பார்க்க வேண்டும், போனால் புதுக் கைட் சில நாளிலேயே தேயும். வால்வுகளைப் பூட்டிய பின் ஹெட்டைக் கவிழ்த்து, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். வால்வு ஓரத்தால் கசிந்து மறுபக்கத் துவாரத்தில் ஈரம் தெரிந்தால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.

வண்டியைக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "கைட் அடிச்ச பின்னாடி ரீமர் போடுவீங்களா? அளவு எவ்வளவு வருதுன்னு எழுதித் தருவீங்களா?" கழற்றிய பழைய கைட்களையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஐயா இதையெல்லாம் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. ஹெட்டை இரண்டாம் தடவை கழற்றிய கூலியும், புது வால்வும் பிஸ்டனும் அவர் தலையில்தான் விழுந்தன.