யானை மலையிலிருந்து தைபே

தைவானின் தலைநகரான தைபே, சுற்றிலும் மலைகள் சூழ, ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்து நிரம்பிய ஒரு பள்ளத்தில் அமைந்திருப்பதால், அதன் தெருக்கள் முடியும் இடத்திலேயே செங்குத்தான சரிவுகள் தொடங்கிவிடுகின்றன. நகரின் தென்கிழக்கு விளிம்பில் நிற்கும் யானை மலை, உள்ளூர் மொழியில் சியாங்ஷான், கடல்மட்டத்திலிருந்து 183 மீட்டர் உயரமே உடையது. சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கிய அண்டைக் குன்றுகளும் இதுவும் சேர்ந்து நான்கு விலங்கு மலைகள் எனப்படுகின்றன. உயரத்தைக் கொண்டு பார்த்தால் இதைக் குன்று என்பதே பொருந்தும். ஆயினும் தைபே நகரின் அடையாளமாக அஞ்சலட்டைகளில் அச்சாகும் காட்சி இதன் சரிவிலிருந்து தெரிவதுதான்.

அக்காட்சியின் நடுவே நிற்பது 2004ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட தைபே 101 என்னும் 508 மீட்டர் உயரக் கோபுரம். துபாயின் புர்ஜ் கலீஃபா 2010இல் திறக்கப்படும் வரை உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்ற பெயர் இதற்கே இருந்தது. எட்டு எட்டு மாடிகளாகக் கட்டப்பட்டு, மேலே செல்லச் செல்ல வெளிப்புறம் விரியும் எட்டு அடுக்குகள், மூங்கில் கணுக்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதே இதன் தனித்தன்மை. தெருவில் நின்று நிமிர்ந்து பார்ப்பவருக்கு இந்த அடுக்குகள் ஒன்றையொன்று மறைத்துக் குறுகித் தோன்றும்; கோபுரத்தின் உச்சித் தளத்துக்கு ஏறியவருக்கோ நகரம் முழுவதும் தெரிந்தாலும், அந்நகருக்கு உருவம் தரும் கோபுரம் மட்டும் தெரியாது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், கோபுரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மட்டத்தில் நிற்கும் யானை மலைப் பார்வையிடங்களிலிருந்துதான், அடி முதல் முடி வரை அது ஒரே பார்வையில் அடங்குகிறது. வான்கோடு எனப்படும், கட்டடங்களின் உச்சிகள் வானத்தோடு சேரும் விளிம்புக்கோடு அழகாகத் தெரிவதற்கு உயரம் ஓரளவே போதும், சரியான தொலைவுதான் முதன்மையானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. இதே மலைத்தொடரில் சற்றுத் தள்ளியுள்ள ஜியூவூஃபெங் சிகரம் 375 மீட்டர் உயரமுடையதாயினும், கூட்டம் கூடுவது தாழ்ந்த குன்றில்தான்.

2013இல் மெட்ரோ ரயிலின் சிவப்புத் தடம் சியாங்ஷான் நிலையம் வரை நீட்டிக்கப்பட்டதிலிருந்து, ரயிலை விட்டு இறங்கிப் பூங்காவின் ஓரமாகச் சிறிது தூரம் நடந்தாலே படிகளின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். அங்கிருந்து பெரும்பாலும் கற்படிகளாலேயே ஆன பாதை, வளைந்து வளைந்து ஏறாமல் நேராகவே மேலேறுவதால், இருபது நிமிட ஏற்றம் என்று எளிதாக எண்ணி வருபவரும் இடையிடையே நின்று மூச்சு வாங்க நேரும். வழியில் பெரணிகள் அடர்ந்த காடும், மணல் இறுகி உருவான படிவுப் பாறையாகிய மணற்கல்லின் பெரும் பாறைகளும் உள்ளன. ஒளிப்படம் எடுப்போர் ஏறி நிற்பது அப்பாறைகளின் மீதுதான். மழை பெய்தால் படிகள் வழுக்கும் என்பதால், பிடிப்புள்ள காலணி அவசியம்.

பார்வையிடங்கள் வடமேற்கு நோக்கியிருப்பதால், காலையில் முதுகுப்புறமிருந்து வரும் வெயில் கோபுரத்தின் முகத்தைத் துலக்கிக் காட்டுகிறது. மாலையில், குறிப்பாகக் கோடைக்காலத்தில், சூரியன் எதிர்த்திசையில் இறங்கும்போது கோபுரம் வெறும் நிழலுருவாகிவிடும். சூரியன் மறைந்தபின் வானத்தின் ஒளியும் விளக்குகளின் ஒளியும் ஏறத்தாழ ஒத்த அளவில் இருக்கும் குறுகிய நீலநேரத்தையே படமெடுப்போர் பெரிதும் விரும்புகின்றனர்.

கீழே தெரியும் சின்யி வட்டாரம் பழமையான நகர்ப்பகுதி அன்று. இங்கே படைக்கலத் தொழிற்சாலையும், 1949ஐ ஒட்டிச் சீனப் பெருநிலத்திலிருந்து குடிபெயர்ந்த அதன் ஊழியர் குடும்பங்களின் வரிசை வீடுகளும் இருந்தன. பிற்காலத்தில் புதிய நகர மையமாகத் திட்டமிடப்பட்ட இவ்வட்டாரத்துக்கு 1994இல் மாநகராட்சி அலுவலகமும் இடம் மாறியது. அவ்வீடுகளுள் சில கோபுரத்தின் அருகிலேயே இன்றும் பேணப்படுகின்றன என்பதை மலைக்கு வருபவர்களில் பலர் கவனிப்பதில்லை, அது ஓர் இழப்பே.

ஆண்டிறுதி இரவில் வாணவேடிக்கை கோபுரத்தின் உடலிலிருந்தே வெடித்துக் கிளம்புவதால், அதை நேர் எதிரே காணப் பல மணி நேரம் முன்பே மக்கள் மலையேறி இடம்பிடித்துக் காத்திருக்கின்றனர். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று தைபேயின் மீது தாழ்ந்த முகிலையும் தூறலையும் கொண்டுவரும் பருவமும் அதுவே ஆகையால், கோபுரத்தின் முடி முகிலுக்குள் மறைந்துவிடும் வாய்ப்பையும் மனத்தில் கொண்டே அவர்கள் ஏற வேண்டியிருக்கிறது.