தலையாட்டி பொம்மையும் இ-வே பில்லும்

ஓசூர் தாண்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, லாரி டிரைவரிடமிருந்து போன். "அக்கா, வண்டிய ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க. உங்க பெட்டிக்கு மட்டும் பேப்பர் இல்லையாம்."

தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை செய்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரர் அச்சில் போட்டு எடுப்பார். நானும் நாத்தனாரும் வண்ணம் தீட்டுவோம். 2019ல் பெங்களூரில் ஒரு கைவினைக் கண்காட்சிக்கு முதல்முறையாக ஸ்டால் பிடித்திருந்தோம். நாட்டியப் பொம்மையை முழுசாக அனுப்ப முடியாது. தலை தனி, இடுப்பு தனி, பாவாடை தனி என்று கழற்றி வைக்கோல் வைத்து அடுக்கவேண்டும். அப்படி நாலு பெட்டி, மதிப்பு 18,000 ரூபாய். "ஐம்பதாயிரத்துக்குக் கீழ இருந்தா இ-வே பில் வேண்டாம்மா" என்று, சரக்கு வண்டியோடு போகவேண்டிய அந்த மின்னணுச் சீட்டைப் பற்றி எங்கள் ஆடிட்டர் சொல்லியிருந்தார். நானும் பொம்மை மாதிரியே தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஐம்பதாயிரம் என்பது மற்ற சரக்குக்கு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கைவினைஞர் தன் பொருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால், மதிப்பு ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் இ-வே பில் எடுத்தே ஆகவேண்டும். ஜி.எஸ்.டி. விதி 138ல் இது தனியாகவே எழுதியிருக்கிறது. அன்றைக்கு 12 சதவீத வரி 2,160 ரூபாய், அதே அளவுக்கு அபராதம் 2,160 ரூபாய் கட்டிவிட்டுத்தான் பெட்டியை மீட்டோம். முதல் இரண்டு நாள் வியாபாரம் அதற்கே போயிற்று.

நியாயமாகப் பார்த்தால் அந்த இ-வே பில், பதிவிலிருந்து நமக்குக் கொடுத்த விலக்குக்குப் பதிலாக அரசு கேட்கிற ஒரு சீட்டுதான். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, வெளிமாநிலத்தில் விற்கிற யாராக இருந்தாலும், பத்து ரூபாய்க்கு விற்றாலும், பதிவு கட்டாயம் என்றிருந்தது. அங்கேயே போய்ச் சில நாள் கடை விரிக்கிறவரை 'தற்காலிக வரி செலுத்துபவர்' என்று சட்டம் சொல்கிறது. அவர் கடை போடுவதற்கு ஐந்து நாள் முன்பே பதிவு செய்யவேண்டும். எவ்வளவு விற்கும் என்று தானே உத்தேசமாகக் கணக்குப் போட்டு, வரியை முன்கூட்டியே கட்டவேண்டும். பதிவு 90 நாளைக்குச் செல்லும். பொம்மை விற்குமா விற்காதா என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு போகிறவன் எதை வைத்து உத்தேசம் போடுவான்? அந்த வருஷம் செப்டம்பர் நடுவில், நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கைவினைப் பொருளுக்கு மட்டும் விலக்கு வந்தது. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு வேண்டாம். பான் எண்ணும் இ-வே பில்லும் இருந்தால் போதும்.

இந்த 20 லட்சத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டெல்லியில் மூன்று லட்சம், பெங்களூரில் நாலு லட்சம் என்று தனித்தனியாகப் பார்க்கக்கூடாது. ஒரு பான் எண்ணில் நாடு முழுக்க நடந்த விற்பனையெல்லாம் ஒரே கூட்டல். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்கிறவருக்கு 2019 ஏப்ரலிலிருந்து வரம்பு 40 லட்சம். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வெளிமாநிலக் கண்காட்சிக்கும் 40 லட்சம் என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே போனால் 20தான்.

இன்னொன்று, சலுகை கையால் செய்த பொருளுக்குத்தான். கூட்டம் வருகிறதே என்று மெஷினில் அடித்த சாவிக்கொத்தையும் வாங்கிப் பொம்மைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், அந்தச் சாவிக்கொத்துக்கு விலக்கு கிடையாது. எங்கள் பொம்மைக்கு அந்தச் சந்தேகமே வராது. கைவினைப் பொருட்களுக்கான 2018ஆம் ஆண்டு வரி அறிவிப்பில் கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மையோடு தஞ்சாவூர் பொம்மையும் பெயர் சொல்லியே இருக்கிறது. அதைப் படித்த அன்று வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. வரி போடுவதற்காகத்தான் பெயர் எழுதியிருக்கிறார்கள் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக்கூடாது. போன வருஷம் ஒருவர் 500 ரூபாய் விலைக்கு மேல் 'வரி 25' என்று பேனாவால் எழுதித் துண்டுச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். ஜி.எஸ்.டி. நம்பர் கிடையாது. அந்த 25 ரூபாய் யாருக்குப் போகும்? சட்டப்படி அது தவறு, எளிமையாகச் சொன்னால் ஏமாற்று. பதிவு உள்ளவர் செய்கிற தப்பு வேறு. வரி சேர்த்து 420 ரூபாய் என்று ஒட்டிவிட்டு, 420க்கு 5 சதவீதம் 21 என்று எடுத்து வைப்பார். வரி போக விலை 400, வரி 20தான். 420ஐ 105ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கவேண்டும். ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். ஆயிரம் பொம்மைக்கு ஆயிரம் ரூபாய். 2025 செப்டம்பர் 22ல் பொம்மை வரி 12லிருந்து 5 ஆனபோது, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டாமல் விட்டவர்களும் உண்டு.

பதிவு இல்லாமல் இருப்பதில் நஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். பத்து நாள் ஸ்டால் வாடகை 25,000 என்றால், 18 சதவீத வரி சேர்ந்து 29,500 கட்டுகிறோம். அந்த 4,500ஐ நம்மால் கழித்துக்கொள்ள முடியாது. தீபாவளிப் பரிசுக்கு ஐம்பது பொம்மை வேண்டும் என்று வருகிற கம்பெனிக்காரர், "ஜி.எஸ்.டி. பில் தருவீங்களாம்மா?" என்று கேட்டு, இல்லை என்றதும் நகர்ந்துவிடுகிறார். மொத்த ஆர்டர்தான் உங்கள் பிழைப்பு என்றால் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்களுக்கு வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், அதனால் நாங்கள் பதிவுக்கு வெளியிலேயே இருக்கிறோம்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூ.பி.ஐ. வரவைப் பார்த்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு வரி நோட்டீஸ் போயிற்று. 'யூ.பி.ஐ. இல்லை, காசு மட்டும்' என்று பலர் அட்டை எழுதி மாட்டினார்கள். நான் மாட்டவில்லை. என் பயம் வேறு. தங்கச்சி திருப்பிக் கொடுத்த கைமாற்றும், சீட்டுப் பணமும் அதே க்யூ.ஆர். கணக்கில் விழுந்தால் எது விற்பனை என்று நாளைக்கு யாரிடம் போய் விளக்குவது? ஸ்டாலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஆரம்பித்தேன். ராத்திரி பொம்மைக்குத் துணி மூடியதும் நோட்டை எடுப்பேன். ஊர், தேதி, எத்தனை பொம்மை, காசு எவ்வளவு, போனில் எவ்வளவு. கால் மணி நேர வேலை.

இ-வே பில் எடுக்கவும் ஆடிட்டர் வேண்டியதில்லை. அந்த இணையதளத்தில் பதிவு இல்லாத பொதுமக்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. கைபேசிக்கு வருகிற ஓ.டி.பி., சரக்கு விவரம், வண்டி நம்பர், அவ்வளவுதான். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் கெடு உண்டு. அதனால் முந்தின வாரமே எடுத்து வைத்துக்கொள்ளாமல், வண்டி நம்பர் தெரிந்து பெட்டி ஏறுகிற அன்று எடுக்கவேண்டும்.

கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டால் விண்ணப்பத்தின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. கைவினைஞர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் எந்த மதிப்புக்கும் இ-வே பில் வேண்டும் என்ற ஒரே ஒரு வரியை அதில் தமிழிலும் அச்சடித்துக் கொடுங்கள்.