பொத்தானும் வாரும் பொருந்தும் இடம்

தருமபுரி மாவட்டத்தின் வறண்ட நிலங்களில் நீர் பாய்ச்சும் வேலை பல வேளைகளில் இரவுக்கே விடப்படுகிறது. மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறதோ அந்நேரம் உழவர் விழித்திருக்க வேண்டும். மண்வெட்டி பிடித்து மடை மாற்ற இரு கைகளும் தேவை. வரப்பில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க வெளிச்சமும் தேவை. ஆகவே விளக்கு நெற்றிக்கு ஏறுகிறது. அவ்விளக்கைத் தாங்கும் ஏந்தி, ஏந்தியை உடலோடு பிணைக்கும் வார், வாரை இறுக்கிப் பிடித்து வேண்டியபோது நொடியில் விடுவிக்கும் பொத்தான் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பொன்றை இம்மாவட்டத்துப் பட்டறையிலோ பொறியியல் கல்லூரியிலோ ஒருவர் உருவாக்கினால், அதற்குக் காப்புரிமை கிடைக்குமா? ஏந்தியில் இருப்பது விளக்காயினும், படக்கருவியாயினும், இதயத் துடிப்பை அளக்கும் கருவியாயினும் வினா ஒன்றே.

பொத்தானுக்கு உரிமை கிடையாது, வாருக்கும் கிடையாது, ஏந்திக்கும் கிடையாது. மூன்றும் உலகறிந்தவை. அவற்றுள் ஒன்று மற்றொன்றைக் கொண்டு இதுவரை செய்விக்காத வினையைச் செய்விக்குமானால், அந்த வினையுறவுக்கே உரிமை உண்டு. இவ்வேறுபாட்டை உணர, முதலில் பூட்டின் இயற்பியலைப் பார்க்க வேண்டும்.

வார் ஒரு தண்டைச் சுற்றிச் செல்லும்போது உராய்வு அதைப் பிடிக்கிறது. சுற்றும் கோணம் கூடக் கூட அப்பிடி கூட்டுத் தொடராக அல்ல, பெருக்குத் தொடராக வளர்கிறது. உராய்வுக் கெழு 0.3 எனில், அரைச் சுற்றில் ஒரு முனையின் சிறுவிசை மறுமுனையில் ஏறத்தாழ 2.6 மடங்கு இழுவையைத் தாங்கும். ஒன்றரைச் சுற்றில் அது ஏறத்தாழ 17 மடங்காகும். பையின் வாரை இரு கம்பிகளுக்கிடையே வளைத்து விட்டாலே அது நழுவாமல் நிற்பது இதனால்தான். ஆனால் உராய்வை மட்டும் நம்பிய பூட்டு, வியர்வையும் சேறும் பட்டால் தன் பிடியை இழக்கும். எனவே வாரில் பற்களை அமைத்து, சுருள்வில் ஒன்று உந்தும் நாவினால் அப்பற்களைத் தடுக்கும் முறை எழுந்தது. பல் ஒருபக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருப்பதால் வார் இறுகும் திசையில் எளிதாக நகரும். தளரும் திசையில் நகராது.

இங்கேதான் பொத்தானின் இக்கட்டு தொடங்குகிறது. வாரில் 50 நியூட்டன் இழுவிசை இருப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ 5 கிலோ எடைக்கு ஒப்பானது அது. பொத்தான் அந்த இழுவைக்கு நேர் எதிராக நாவைத் தள்ள வேண்டியிருந்தால், கட்டைவிரல் அந்த 50 நியூட்டனையும் வெல்ல வேண்டும். நாவை இழுவைக்குச் செங்குத்தாக நகர்த்தினால், சுமையைச் சட்டகம் ஏற்கும். விரல் வெல்ல வேண்டியது உராய்வையும் சுருள்வில்லின் சிறு எதிர்ப்பையும் மட்டுமே. உராய்வுக் கெழு 0.2 ஆயின் அவ்வுராய்வு 10 நியூட்டன். பல்லின் முகத்தைச் சற்றே உட்புறம் சாய்த்தால் இழுவையே நாவைப் பல்லுக்குள் இழுத்துப் பூட்டும், தற்செயலாகத் திறவாது. ஆனால் அதே சாய்வு திறக்கும் விரலுக்கு வேலையைக் கூட்டும். இறுகப் பிடித்தலும் எளிதில் விடுதலும் இவ்வாறு ஒன்றையொன்று எதிர்க்கின்றன. இந்த எதிர்ப்பைப் புதிய வழியில் தீர்ப்பவரையே நான் கண்டுபிடிப்பாளர் என்று மதிப்பேன்.

இனிச் சட்டம். இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மூன்றைக் கேட்கிறது: பொருள் புதியதாக இருக்க வேண்டும், அதில் புத்தாக்கப் படி இருக்க வேண்டும், அது தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவது நம் ஏந்திக்கு இடரே இல்லை. முதலாவதையும் ஓரளவு எளிதில் கடக்கலாம். எல்லா உறுப்புகளும் ஒரே முந்தைய ஆவணத்திலோ பொருளிலோ சேர்ந்திருந்தால் மட்டுமே புதுமை முற்றாக அழியும். இடறும் கல் இரண்டாவதுதான். முன்பிருந்த அறிவை விடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதாரச் சிறப்போ, இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு, அத்துறை வல்லவர் ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். சட்டத்தின் 3-ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு இன்னும் கடுமையாகப் பேசுகிறது: அறியப்பட்ட கருவிகள் தத்தம் வினையைத் தனித்தனியே பழைய முறையில் செய்துகொண்டிருக்க, அவற்றை வெறுமனே அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பாகாது.

அறியப்பட்டவை எவையெவை என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பு உண்டாகும். சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் கொக்கியும் கண்ணியுமான ஒட்டுப்பட்டைக்கு 1955-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959-இல் வடிவமைத்த மும்முனை இருக்கைப் பட்டை இன்று உலகெங்கும் மகிழுந்துகளில் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டை விடுபடும் என்பது பேருந்திலும் மகிழுந்திலும் செல்லும் சிறுவரும் அறிந்த செய்தி. தலைக்கவசத்தின் தாடை வாரும் அப்படியே. இவற்றிலிருந்து பொத்தான் பூட்டைக் கழற்றி நெற்றி விளக்கின் வாரில் பொருத்தினேன் என்று விண்ணப்பித்தால், ஆய்வாளர் மறுப்பது முறையே.

நம் நாட்டில் இவ்வினாவுக்கு வழிகாட்டும் வழக்கும், வியப்பாக, ஒரு பிடிப்புக் கருவியைப் பற்றியதே. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரங்கள் செய்யும் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து வைக்கும் அமைப்புக்கு 1951-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றது. பழைய முறையில் பாத்திரம் எந்திரத்தின் தலைப்பகுதியில் மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. எதிர்ப்புறம் தாங்கல் இல்லை. சுழலும் வேகத்தில் பாத்திரம் பறந்துபோய்த் தொழிலாளியைத் தாக்கும் ஆபத்து இருந்தது. புதிய அமைப்பில் எதிர்ப்புறத்திலிருந்து ஓர் அழுத்துதண்டு பாத்திரத்தைப் பிடித்தது. பயனுள்ள மாற்றம், உயிர் காக்கும் மாற்றம் என்றே சொல்லலாம். ஆயினும் பிஸ்வநாத் பிரசாத் ராதேசியாம் என்ற நிறுவனம் தொடுத்த எதிர்ப்பில், 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பல பத்தாண்டுகளாகக் கடைசல் தொழிலில் தெரிந்திருந்த எதிர்த்தாங்கலைச் சிறு மாற்றத்தோடு பாத்திரத்துக்குப் பயன்படுத்தியது பட்டறைத் திருத்தமே அன்றிக் கண்டுபிடிப்பு அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். அலுவலகம் உரிமை வழங்கிவிட்டதனால் மட்டும் அது செல்லுபடியாகும் என்று உறுதியாகிவிடாது என்பதையும் அது நிலைநாட்டியது.

இத்தீர்ப்பைப் படிக்கும்போது அந்தத் தொழிலாளர் பக்கம் என் மனம் சாய்கிறது. ஆனால் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். ஒவ்வொரு பட்டறைத் திருத்தத்தையும் ஒருவர் 20 ஆண்டுகளுக்கு வேலியிட்டுக்கொண்டால், அடுத்த பட்டறைக்காரர் தம் தொழிலாளியின் உயிரைக் காக்கவும் இசைவு கேட்டு நிற்க நேரும்.

தருமபுரி மண்ணுக்கு இவை அயலான செய்திகள் அல்ல. 2004 பிப்ரவரியில் கிருட்டிணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூரும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை அங்கேதான் எழுந்தது. உடலில் அணியும் கருவியை வாரோடு இணைக்கும் கலை இம்மாவட்டத்தில் பெருந்தொழிலாக வளர்ந்தது அவ்வாலையில். 2002-இல் வெளிவந்த எட்ஜ் கைக்கடிகாரத்தின் இயக்கப் பொறி 1.15 மில்லிமீட்டர் தடிப்பே கொண்டது. முழுக் கடிகாரமும் 3.5 மில்லிமீட்டர். பொறி அத்தனை மெலிந்தபோது வாரும் அதைத் தாங்கும் ஊசியும் மெலிய வேண்டும். ஒன்றின் மாற்றம் மற்றொன்றை வற்புறுத்தும் இத்தகைய இடங்களில்தான் புத்தாக்கப் படியைத் தேட வேண்டும்.

அதே ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் பஜாஜ் நிறுவனத்தோடு நடத்திய வழக்கும் நினைக்கத்தக்கது. சிறு எஞ்சினில் இரு தீப்பொறிச் செருகிகள் வைக்கும் முறைக்குப் பஜாஜ் 2002-இல் விண்ணப்பித்து 2005-இல் உரிமை பெற்றது. டிவிஎஸ் தன் பிளேம் வண்டியை 2007-இல் அறிவித்தபோது மோதல் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008-இல் தடை விதித்தார். 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. செருகியும் பழையது, எஞ்சினும் பழையது. உரிமைக்கோரலின் சொற்கள் எந்தச் சேர்க்கையைக் காக்கின்றன என்பதே வாதத்தின் மையம்.

ஆகவே நம் ஏந்தியின் ஆக்குநர் தம் படைப்பை இவ்வாறு வினவிப் பார்க்க வேண்டும்: பொத்தானை எடுத்துவிட்டால் ஏந்தியின் வேலை மாறுகிறதா? மாறவில்லையெனில் அது வெறும் அடுக்கு. மாறாக, வாரின் இழுவிசையே ஏந்தியின் தாடைகளை நெருக்கிக் கருவியைக் கவ்வச் செய்து, பொத்தானின் முதல் அழுத்தத்தில் வார் மட்டும் தளர்ந்து, கருவியின் எடை கைக்கு வந்த பின்னரே இரண்டாம் அழுத்தம் தாடையைத் திறக்க இசைகிறது என்று கொள்வோம். இருட்டில், ஈரக் கையில், கருவி கிணற்றுக்குள் விழாது. இங்கே மூன்று உறுப்புகளும் ஒன்றையொன்று ஆள்கின்றன. 3-ஆம் பிரிவின் தடையை எதிர்கொள்ள வலுவான வாதம் பிறக்கிறது. இத்தகைய பிணைப்பு முன்னரே எங்கும் வெளியாகவில்லை என்பதை உலக ஆவணங்களில் தேடி உறுதிசெய்வது அடுத்த கடமை.

விண்ணப்பிக்கும் முன்பே கண்காட்சியில் காட்டுவதோ இணையத்தில் காணொளி இடுவதோ கூடாது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட கண்காட்சிகளுக்குரிய 12 மாதச் சலுகை, எல்லாக் கல்லூரி அரங்குகளுக்கும் உரியதன்று. மாணவர் ஆர்வத்தோடு செய்துகாட்டியதாலேயே புதுமை அழிந்துபோவது பெருந்துயரம். தவிர்க்கக்கூடிய துயரமும் கூட. தனிநபர் ஒருவர் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு இணையவழியில் 1,600 ரூபாய்க் கட்டணத்தோடு தற்காலிக விவரணம் அளித்தால் முந்துரிமை நாள் அவருடையதாகும். முழு விவரணத்துக்கு 12 மாதம் உண்டு. அந்த ஓராண்டில் பல்லின் சாய்வையும் நாவின் திசையையும் விரல் தர வேண்டிய விசையையும் அளந்து எழுத வேண்டும். அவ்வளவுகளே புத்தாக்கப் படிக்குச் சான்று. பூட்டின் அழகிய உருவம் மட்டுமே தம் புதுமை என்று அவர் கண்டால், 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் அவ்வுருவத்தைப் பதியலாம். அப்பாதுகாப்பு 10 ஆண்டுகள் நிற்கும், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம்.