திட்டம் முடிந்த மறுநாள்: பாடசாலை மேம்பாடும் ஆசிரியர் கூட்டுழைப்பும்

நமது பாடசாலைகள் பலவற்றில் ஒரு பூட்டிய அறை இருக்கும். கதவில் ஏதோவொரு திட்டத்தின் பெயர் பொறித்த பலகை. உள்ளே தூசி படிந்த கணினிகள், பல்ப் எரிந்துபோன மல்டிமீடியா, பிரிக்கப்படாத பெட்டிகள் ஒன்றிரண்டு. சாவி யாரிடம் என்று கேட்டால், "அது மாறிப்போன சேர்ட பொறுப்பில இருந்த" என்பார்கள். அந்த அறை ஏன் பூட்டப்படுகிறது, பூட்டுக்குத் தப்பிய காரியங்கள் எப்படித் தப்பின என்று யோசித்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

வெளியிலிருந்து வரும் நிதி நமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் கட்டடங்களும் வந்தன, செயலமர்வுகளும் வந்தன. 2006 முதல், பாடசாலை தன் தேவையைத் தானே தீர்மானித்துத் திட்டமிடும் முறை அரசினால் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. 2012இலும் 2018இலும் உலக வங்கிக் கடனுதவியோடு ஆரம்பித்த கல்வித் திட்டங்களில், பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி ஒரு கூறாகவே இருந்தது. ஆசிரியர் தம் பாடசாலையிலேயே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தச் சாரத்தில் குறைகாண எனக்கு ஒன்றுமில்லை. குறை நாங்கள் அதைச் செய்த விதத்தில் இருந்தது.

நான் கற்பித்த ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். காசு வந்தது. வளவாளர் ஒருவரை அழைத்தோம். காலையில் பைலும் பேனையும், பத்து மணிக்குத் தேநீர், பகலுக்குப் பார்சல். வரவுப் பதிவில் ஒப்பமிட்டோம், போட்டோ எடுத்தோம், பில்களைக் கோவைப்படுத்தினோம். அவர் சொன்னவை நல்ல விடயங்கள்தாம். ஆனால் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனபோது பழையபடியே புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். மற்றவர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று இருபது வருடத்தில் நான் போய்ப் பார்த்ததே இல்லை. காசு முடிந்ததும் கூட்டமும் முடிந்தது. பார்சல் இல்லாத கூட்டத்துக்கு ஆட்களைச் சேர்ப்பது கஷ்டம் என்று அதிபர் பகிடியாகச் சொன்னார். அது முழுப் பகிடியுமல்ல.

இதில் ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள், சிலருக்கு மாலை வகுப்பு. அந்த நேரத்தைக் கேட்டால் அதற்கு ஏதோவொரு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே கூடி உழைப்பது பாடசாலை நேரத்துக்குள், நேரசூசிக்குள் வராத வரைக்கும் அது காசோடு வந்து காசோடுதான் போகும்.

ஜப்பானிய ஆசிரியர்கள் இதை நூறு வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறார்கள். 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு என்பது அவர்களின் பெயர். சில ஆசிரியர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்கு விளங்காத ஓரிடத்தைத் தெரிவு செய்வார்கள். அதற்கு ஒரேயொரு பாடத்தைக் கூடித் தயாரிப்பார்கள். ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்ப்பார்கள். பிறகு பேசி, பாடத்தைத் திருத்துவார்கள். சில வேளை இன்னொருவர் இன்னொரு வகுப்பில் அதையே கற்பிப்பார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: பார்ப்பவர்களின் கண் ஆசிரியர் மீது இருக்கக் கூடாது, பிள்ளைகள் மீது இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தது என்பதே குறிப்பு. அதனால் இது மேற்பார்வையாகத் தெரிவதில்லை, யாருக்கும் மனத்தாங்கலும் வருவதில்லை. ஜப்பானின் உதவியோடு இந்தோனேசியாவிலும் சாம்பியாவிலும் இம்முறை பரவியது. அங்கும் அடிப்படைச் செலவு ஆசிரியரின் நேரம்தான்.

எங்கள் பாடசாலையில் இதை நாலு பேருடன் தொடங்கினோம். விஞ்ஞான டீச்சர்மார் இருவர், வரலாறு கற்பிக்கும் சேர் ஒருவர், தமிழுக்கு நான். முதலில் எடுத்த பாடம் இடைநிலை வகுப்பில் வரும் ஆவியுயிர்ப்பு. பிள்ளைகள் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள், ஆனால் ஆவியாதலுக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்டால் முழிக்கிறார்கள் என்று விஞ்ஞான டீச்சர் சொன்னார். நான் பின் வாங்கில் இருந்தேன். பக்கத்தில் இருந்த பையனிடம் மெதுவாக, "ஆவியுயிர்ப்பு எண்டா என்ன மகன்?" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "மௌத்தாகிற நேரம் ரூஹ் போற மாதிரியா சேர்?" என்றான்.

சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. ஆவி என்றால் அவனுக்கு அதுதானே தெரியும்! உயிர்ப்பு என்றால் மூச்சு என்பதை, வெய்துயிர்த்தல் என்று இலக்கியத்தில் படித்து வந்த நான்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் சொல் விஞ்ஞானப் புத்தகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பாடத்தைத் தலைகீழாக மாற்றினோம். காலைக் கூட்டத்துக்கு முன்பே முற்றத்துச் செவ்வரத்தையின் இலைக்கொத்தொன்றைத் தெளிவான பொலித்தீன் பையால் மூடிக் கட்டினோம். மூன்றாம் பாடவேளையில் வகுப்பே வெளியில் போய்ப் பார்த்தது. பையின் உள்ளே துளித் துளியாகத் தண்ணீர். "இலைக்கு வேர்க்கிது டீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிய பிறகே, அதற்குப் பக்கத்தில் ஆவியுயிர்ப்பு என்று எழுதினோம். அடுத்த கிழமை மற்ற விஞ்ஞான டீச்சர் தன் வகுப்பில் அதையே செய்தார். செலவு ஒரு பொலித்தீன் பை, ஒரு துண்டு நூல்.

அதைவிடப் பெரிய வேலை நேரசூசியில் இருந்தது. நாலு பேருக்கும் கிழமையில் ஒரே பாடவேளை ஓய்வாக அமைய வேண்டும். நேரசூசி போடும் பிரதி அதிபரிடம் வருட ஆரம்பத்திலேயே கேட்டால்தான் அது நடக்கும். இரண்டாம் தவணையில் கேட்டால் எவராலும் முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்தோடு கலைவதால் அன்றைக்குச் சரிவரவில்லை, செவ்வாய்க்கு மாற்றினோம். லீவில் உள்ளவரின் வகுப்புக்கு எங்களைத்தான் அனுப்புவார்கள் என்பதால் அந்தப் பாடவேளையை மட்டும் விட்டுவிடும்படி கேட்டோம். எப்போதும் கிடைக்கவில்லை, மாதத்தில் இரண்டு முறையாவது கிடைத்தது. அது போதுமாயிருந்தது.

2022இல் நாடே காசில்லாமல் நின்றபோது, கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது நினைவிருக்கும். அந்த வருடத்தில் எங்களுக்கும் போட்டோக்கொப்பிக்கு வழியில்லை. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மட்டும் நடந்தது, கரும்பலகைக்கு ஏற்ற கேள்விகளைக் கூடியிருந்து ஆக்கினோம்.

காசை விட எனக்குப் பயம் இடமாற்றத்தின் மீதுதான். இப்படியான காரியங்கள் ஒருவரின் தலையில் நடக்கும். அவர் மாறிப் போனால் சாவியும் போய்விடும். ஆகவே பேசியவற்றை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறோம்: திகதி, பாடம், பிள்ளைகள் தடுமாறிய இடம், மாற்றியது என்ன. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எழுத வேண்டும். புதிதாக நியமனம் பெற்று வருபவரை முதல் கிழமையே வகுப்புக்கு அழைத்துப் போய்ப் பின் வாங்கில் இருத்துகிறோம். அவரை முதலில் கற்பிக்கச் சொல்வதில்லை. மூத்தவர் தடுமாறுவதை இளையவர் ஒருமுறை பார்த்துவிட்டால் தன் தடுமாற்றத்தைச் சொல்லக் கூச்சம் குறையும்.

கடந்த தவணையில் அந்த விஞ்ஞான டீச்சர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். கொப்பி இப்போது வரலாற்று சேரின் லாச்சியில் இருக்கிறது. இம்முறை அவருடைய பாடம், 'குடியேற்றவாதம்' என்ற சொல். அதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது குடிக்கிறதா, குடியிருக்கிறதா என்று செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டும்.